ராணி உண்மை, மந்திரவாதியும் உண்மை, அப்ப எதுதான் கதை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் பெறாமகள் விறாந்தைச் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். தரம் 10 படிக்கிறாள். வெளிநாட்டிலிருந்து வந்துபோன உறவுக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன தொடரின் முதலாம் பாகம் அது. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“சித்தி, முதலாம் எலிசபெத் ராணி உண்மையாவே இருந்தவதானே?”

“ஓம்.”

“அப்ப அவவுக்கு நாள் பார்த்துச் சொல்ற மந்திரவாதி? கறுப்புக் கண்ணாடி வைச்சிருக்கிறவர். அவர் சும்மா கதைக்குத்தானே?”

கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தைப் பார்த்தேன். ஜோன் டீ என்று பெயர் இருந்தது. “இல்லைப் பிள்ளை, அவரும் இருந்தவர்தான்.”

விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பி இருந்தாள். “அப்ப இதில எதுதான் கதை?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அன்று பின்னேரம் முழுதும் போயிற்று. சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்காக்கி இங்கே எழுதுகிறேன். இந்த வகைப் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு சேர்ந்து வாசிக்க விரும்பும் பெரியவர்களுக்கும் இது.

முதலில் அந்த மந்திரவாதி. ஜோன் டீ 1527இல் லண்டனில் பிறந்தவர். கணிதம், வானியல், கடற்பயணக் கலை எல்லாம் கற்ற பெரிய படிப்பாளி. சோதிடமும் பார்த்தார். எலிசபெத் முடிசூட 1559 ஜனவரி 15 நல்ல நாள் என்று கணித்துச் சொன்னவர் அவர்தான். பிற்காலத்தில் தேவதூதர்களோடு பேச முயன்றார். அவருடையது என்று சொல்லப்படும் கறுப்புக் கண்ணாடி இன்றும் லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரிமலைக் கல்லை மினுக்கிச் செய்தது. மெக்சிக்கோவின் அஸ்டெக் மக்களிடமிருந்து வந்தது என்பதை 2021இல் வெளியான ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. ஆக, ராணி உண்மை, நாள் உண்மை, கண்ணாடியும் உண்மை. அவள் வாசித்த புத்தகத்தில், கண்ணாடிக்குள்ளிருந்து வரும் குரலுக்கு மறுமொழி சொல்லும் வேலைக்காரச் சிறுமி மட்டும்தான் கற்பனை. அத்தனை பக்கக் கதையும் அந்த ஒரு கற்பனையில் தொங்குகிறது.

இந்த வகைக்குத் தமிழில் வரலாற்று மிகுபுனைவு என்று பெயர். உலகத்தில் நடக்க முடியாத ஒன்று நடக்கும் கதை மிகுபுனைவு. அது உண்மையில் இருந்த ஒரு காலத்தில், உண்மையில் இருந்த ஓர் ஊரில் நடந்தால் வரலாற்று மிகுபுனைவு. எங்கள் வீடுகளில் பெரியவர்கள் விரும்பி வாசித்த சரித்திர நாவல்களை நினைத்துப் பாருங்கள். அவற்றிலும் உண்மையான அரசர்களும் கற்பனை மனிதர்களும் கலந்து வருவார்கள். ஆனால் குதிரை குதிரையாகத்தான் ஓடும், தீ தீயாகத்தான் சுடும். மறுபுறம், முழுவதும் கற்பனையான நாட்டில் நடக்கும் மந்திரக் கதைகள் இருக்கின்றன. அங்கே வரைபடமே எழுத்தாளர் கீறியதுதான். எந்த ஆண்டு என்று கேட்கவே முடியாது. வரலாற்று மிகுபுனைவு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆண்டு உண்டு, ஊர் உண்டு, கூடவே நடக்க முடியாத ஒன்றும் உண்டு.

இளையோர் தொடர் என்றால் பெரும்பாலும் 12 முதல் 18 வயது வரையானவர்களை நினைத்து எழுதியது. கதையின் நாயகிக்கோ நாயகனுக்கோ பதினைந்து, பதினாறு வயது இருக்கும். தாய் தகப்பன் பக்கத்தில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் உதவ முடியாத நிலையில் இருப்பார்கள். பழைய காலத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். அந்தக் காலத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை வேலைக்குப் போனது, கலியாணம் கட்டியது, சண்டைக்கும் போனது.

சரி, மந்திரம் வரலாற்றுக்குள் எப்படி வருகிறது? அன்று பெறாமகளுக்கு விளங்கப்படுத்த எனக்கு வசதியாகக் கிடைத்தது எங்கள் ஊர்க்கதைதான். லண்டன் அவளுக்குத் தூரம். முல்லைத்தீவு ஒரு பஸ் பயணம்.

1803. கண்டி அரசோடு ஆங்கிலேயர் போருக்குப் போய், ஜூன் மாதம் கண்டியில் இருந்த அவர்களுடைய படை அழிந்துபோனது. அந்த நேரத்தில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார். ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டை தாக்கப்பட்டது. அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க்கும் அவருடைய ஆட்களும் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கமும் இருந்து ஆங்கிலேயப் படை வன்னிக்குள் வந்தது. ஒக்டோபர் 31 விடியப்புறம், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், டிறிபேர்க்கின் படை பண்டாரவன்னியனின் ஆட்களைத் தோற்கடித்தது. இவ்வளவும் வரலாறு.

இதற்குள் ஒரு கற்பனைப் பிள்ளையை விடுவோம். வயது பதினைந்து. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயப்போடும் குடும்பத்துப் பெண். அவளுக்கு ஒரு வரம். தண்ணீரில் காதை வைத்தால், அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்பவர் எவ்வளவு தூரத்தில் பேசினாலும் அவளுக்குக் கேட்கும்.

இப்போது எழுத்தாளர் முன்னால் மூன்று பாதைகள் பிரிகின்றன.

முதலாவது பாதையில் அவளுடைய வரம் யாருக்கும் தெரியாது. கோட்டைச் சிப்பாய்கள் படகடியில் முழங்கால் தண்ணீரில் நின்று பேசியதை அவள் கேட்கிறாள். கேட்டதைக் காட்டுக்குள் சொல்லி அனுப்புகிறாள். ஓகஸ்ட் 25 அன்று தாக்குதல் நடக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஏன் அன்றைக்கென்று பார்த்துத் தாக்கினார்கள் என்பதற்கு மட்டும் கதையில் ஒரு மறைவான காரணம் கிடைக்கிறது. இதை மறைந்த வரலாறு என்று சொல்லலாம்.

இரண்டாவது பாதையில் அவள் ஒக்டோபரிலும் கேட்டுவிடுகிறாள். கற்சிலைமடுவில் ஆட்கள் விழித்திருக்கிறார்கள். டிறிபேர்க் தோற்கிறார். அங்கிருந்து வரலாறு வேறு பக்கம் திரும்பிவிடும். இது மாற்று வரலாறு. இதில் எழுத்தாளருக்கு வேலை அதிகம். வன்னி விழவில்லை என்றால் 1815இல் கண்டி விழுந்திருக்குமா? ஒவ்வொரு ஆண்டையும் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதில் மந்திரம் ஊருலகத்துக்கே தெரிந்த விஷயம். ஆங்கிலேயரிடமும் அப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள், சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள். கடற்கரையில் பேசக்கூடாது என்று சட்டமே இருக்கும். தொடக்கத்திலிருந்தே அது வேறொரு உலகம், எங்கள் உலகத்தின் சாயல் கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு தொடரை எடுத்தால், இந்த மூன்றில் எது என்று முதல் ஐந்தாறு அத்தியாயத்துக்குள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், தொடங்குபவர்களுக்கு முதல் வகைதான் நல்லது. எழுதுவதற்கு ஆகக் கடினமானதும் அதுதான், ஏனென்றால் எழுத்தாளர் ஒரு திகதியைக்கூட அசைக்க முடியாது. நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், மந்திரமும் உண்மையாக வேலை செய்ய வேண்டும். அந்த நெருக்கடிக்குள்ளிருந்துதான் நல்ல கதை வருகிறது.

அடுத்தது, கதை நடக்கும் ஆண்டு. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளைகள் அத்தியாயத் தலைப்பில் இருக்கும் ஆண்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த எண்ணை வைத்து, அந்தக் காலத்து மனிதர் மந்திரத்தை நம்பினார்களா, அதற்குப் பயந்தார்களா, அதற்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று பார்க்கலாம். இங்கிலாந்தில் 1604இல் வந்த சட்டப்படி, தீய ஆவியை அழைத்தவருக்கு மரண தண்டனை. சட்டமே மந்திரம் உண்டு என்று நம்பிய காலம். 1735இல் வந்த சட்டம் தலைகீழ். மந்திரம் தெரியும் என்று சொல்லி ஆட்களை ஏமாற்றுவதுதான் குற்றம் என்று அது சொன்னது. ஆக, மந்திரம் தெரிந்த ஒரு பெண்பிள்ளை 1650இல் பிடிபட்டால் தூக்குமரம். 1750இல் பிடிபட்டால் ஏமாற்றுக்காரி என்று சிறை. அதே பிள்ளை, அதே வரம், கதை முழுதும் வேறு.

அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகள் இந்த வகைத் தொடர்களில் அடிக்கடி வரும். முதலில் வலிப்பு வந்ததுபோலத் துடித்த இரண்டு பிள்ளைகளின் வயது 9, 11. முடிவில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றம் செய்தேன் என்றும் சொல்லாமல் செய்யவில்லை என்றும் சொல்லாமல் நின்ற ஒரு முதியவரை, நெஞ்சில் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். கதையில் மந்திரம் அழகாக இருக்கும். அதன் பின்னால் இப்படி உண்மையாகச் செத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நல்ல எழுத்தாளர்கள் அதை மறப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு மிக அருமையான ஒரு சான்று இருக்கிறது. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல், 19 வயதில், மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் கப்பலோடு வந்தபோது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டு கழித்து, 1679இல், ஒரு தோழனோடு தப்பினார். எங்கள் அருவியாறு, அதாவது மல்வத்து ஓயா, போகும் வழியைப் பிடித்துக்கொண்டு வன்னிக் காடுகளுக்குள்ளால் நடந்து அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவர் எழுதிய நூல் லண்டனில் வெளிவந்தது. விலை, பயிர், உடுப்பு, சட்டம் என்று கண்டதைக் கண்டபடி எழுதிய மனிதர். அதே நூலில், இரவில் பிசாசு கத்துவதைத் தன் காதாலேயே கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். கீச்சென்ற குரல், நாய் குரைப்பதுபோல இருக்கும், யாருக்கும் கெடுதல் செய்ததாகக் கேள்விப்படவில்லை என்கிறார். அந்தக் குரல் கேட்பதற்குச் சற்று முன்னோ பின்னோ அரசன் ஆட்களைக் கொல்வான் என்று ஊரவர்கள் கவனித்ததாகவும், தானும் கவனித்ததாகவும் சொல்கிறார்.

அந்தக் குரலைப் பிற்காலத்தவர்கள் சிங்களத்தில் உலமா என்று சொல்லப்படும் பறவையோடு சேர்த்துப் பார்த்தார்கள். காட்டில் வாழும் ஒரு பெரிய ஆந்தை வகை அது என்பது பலருடைய கருத்து. ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லும் ஆட்கள் இன்றைக்கும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் நொக்ஸின் பக்கத்தை வாசிக்கும்போது என் கண் பறவையில் நிற்பதில்லை. அரசன் யாரை எப்போது கொல்வான் என்று தெரியாத நாட்டில், இருட்டில் ஒரு குரல் கேட்டதும் எல்லாரும் உறைந்துபோய் இருந்திருக்கிறார்கள். அந்தப் பயம் வரலாறு. அதைப் பதிவேட்டில் காண முடியாது. பறவைக் குரலைப் பற்றிய நாலு வரிக்குள் அது ஒளிந்திருக்கிறது. வரலாற்று மிகுபுனைவு எழுதுபவர் அந்த நாலு வரியை எடுத்து, குரல் உண்மையிலேயே பிசாசுடையதுதான், அது எச்சரிக்கத்தான் கத்தியது என்று வைத்துக் கதையைத் தொடங்குவார். அந்தக் காலத்து மனிதர் நம்பியதை உண்மை என்று ஒத்துக்கொண்டு உள்ளே போவதுதான் இந்த வகையின் அடிப்படை வேலை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதையும் மந்திரக் கதை என்று ஒரே கூடைக்குள் போட எனக்கு மனம் வராது. அது வழிபாடு, இன்றும் ஆட்கள் நேர்த்தி வைத்துப் போகும் இடம். கதையில் வரும் மந்திரம் கதை முடிந்ததும் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே விளங்கிக்கொள்வார்கள். பெரியவர்கள்தான் சில நேரம் குழப்பிவிடுகிறோம்.

இனி மந்திரத்தின் விதி. மந்திரம் என்றால் என்னவும் நடக்கலாம் என்று நினைத்து வாசித்தால் புத்தகம் சப்பென்று போய்விடும். நல்ல தொடரில் மந்திரத்துக்கு எல்லை இருக்கும், விலையும் இருக்கும். எங்கள் பழைய கதைகளுக்கு இது நன்றாகத் தெரியும். கூடுவிட்டுக் கூடுபாய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு உடலுக்குள் போகலாம், ஆனால் விட்டுவந்த உடலை யாரோ காக்க வேண்டும். திருமூலர் கதையில், மாடு மேய்க்கும் மூலன் செத்துக்கிடக்க, மாடுகள் அவனைச் சுற்றிநின்று கதறுவதைப் பார்த்து, அந்தச் சித்தர் இரக்கப்பட்டு அவன் உடலுக்குள் போகிறார். மாடுகளை வீடுசேர்த்துவிட்டுத் திரும்பினால் தன் பழைய உடல் அங்கே இல்லை. காலம் முழுதும் மூலனாகவே இருக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு இரக்கம், அதற்கு ஒரு விலை. ஒரு மந்திரக் கதைக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

எங்கள் கருவாட்டுக் குடும்பத்துப் பெண்ணிடம் திரும்பி வருவோம். அவளுடைய வரத்துக்கு எல்லை என்ன? தொடுத்திருக்கும் தண்ணீரில்தான் அவளுக்குக் கேட்கும். ஓகஸ்டில் வன்னி காய்ந்து கிடக்கும். குளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி, ஆறுகளில் மணல்தான். அவளுக்குக் கேட்பது கடல் மட்டும். கோட்டை கடலோரத்தில் இருந்ததால் அது போதுமாக இருந்தது. ஒக்டோபர் கடைசி என்றால் மாரி தொடங்கும் காலம். வாய்க்கால் ஓடுகிறது, குளம் நிரம்புகிறது, வயலில் தண்ணீர் நிற்கிறது, எல்லாம் ஒன்றோடொன்று கலக்கிறது. இப்போது அவள் காதை வைத்தால் வன்னி முழுதும் ஒரேயடியாகக் கேட்கும். வரம்பு கட்டுபவன், துணி துவைப்பவள், மாடு கழுவும் பிள்ளை, ஆயிரம் குரல். அதற்குள் எங்கோ ஒரு ஓடையைக் கடக்கும் சிப்பாய்களும் பேசுகிறார்கள். அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஒக்டோபர் 31 விடிகிறது.

இதைச் சொன்னபோது பெறாமகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவவின்ர பிழை இல்லைத்தானே?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஒரு பிள்ளையிடமிருந்து வந்துவிட்டால் அவளுக்கு இந்த வகை விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வரம் பெரிதாகப் பெரிதாக உதவாமல் போகிறது என்பது விதி. அந்த விதி வன்னியின் மழைக்காலத்திலிருந்து வந்தது. வரலாற்றின் திகதி அசையவில்லை, தோல்விக்குள் ஒரு பிள்ளையின் மனம் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் வாசிக்கும் தொடரிலும் இதைத் தேடுங்கள். மந்திரம் எதைச் செய்யாது? செய்தால் யார் எதை இழக்கிறார்? மூன்றாம் பாகத்தில் ஆபத்து வந்ததும் எழுத்தாளர் புதிதாக ஒரு சக்தியைக் கொண்டுவந்து காப்பாற்றினால், அவர் தன் விதியைத் தானே மீறுகிறார். அப்படியான இடத்தில் எனக்குப் பிடித்த தொடரைக்கூட நான் இடையில் வைத்திருக்கிறேன்.

வாசிக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடரை வெளிவந்த ஒழுங்கில் வாசியுங்கள். பிற்காலத்தில் எழுதிய முன்கதைப் பாகம் ஒன்று இருந்தாலும் அதை முதலில் எடுக்க வேண்டாம், அது மற்றப் பாகங்களை வாசித்தவர்களுக்காக எழுதியது. முன்பக்கத்தில் வரைபடம் இருந்தால் அங்கே ஒரு கடதாசித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆசிரியர் குறிப்பு என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். எது நடந்தது, எதைத் தான் மாற்றினேன் என்று எழுத்தாளர் அதில் சொல்லியிருப்பார். கதையின் முடிவும் அதில் தெரிந்துவிடக்கூடும் என்பதால் கடைசியாக வாசிப்பது நல்லது, ஆனால் வாசிக்காமல் விடக்கூடாது.

ஆங்கிலம்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய தடை, அதை மறைக்கத் தேவையில்லை. முதல் ஐம்பது பக்கம் மெதுவாகத்தான் போகும். பழைய உடுப்பு, வண்டி, பதவிப் பெயர்கள் நிறைய வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் போனில் அகராதி திறந்தால் கதை கையை விட்டுப் போய்விடும். ஒரே சொல் மூன்றாம் தரமும் வந்தால் பாருங்கள், அதற்குள் பாதிச் சொற்கள் தாங்களே விளங்கிவிடும். இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. நாங்கள் இரவில் ஒரு அத்தியாயத்தை அவள் வாசிக்க நான் கேட்பேன். உச்சரிப்பைத் திருத்துவதில்லை.

அவளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, நடந்தது, புனைந்தது, தெரியவில்லை என்று தலைப்பு வைத்தாள். வாசிக்கும்போது எழுதுவதில்லை, அத்தியாயம் முடிந்த பிறகுதான். தெரியவில்லை என்ற பத்தியில் இருப்பதை சனிக்கிழமைகளில் தேடுவோம். கலைக்களஞ்சியம், பாடசாலை நூலகம், போன், எது கிடைக்கிறதோ அது.

அப்படித் தேடப்போய்த்தான் ஜோன் டீயின் நூலகம் கிடைத்தது. தேம்ஸ் ஆற்றங்கரையில் மோர்ட்லேக் என்ற ஊரில் இருந்த அவருடைய வீட்டில், அந்தக் கால இங்கிலாந்தின் மிகப்பெரிய நூலகங்களில் ஒன்று இருந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட அச்சு நூல்கள், ஆயிரம் அளவில் கையெழுத்துப் பிரதிகள். 1583இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். 1589இல் திரும்பி வந்தபோது நூலகம் சூறையாடப்பட்டிருந்தது. மிஞ்சியவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இப்போது லண்டனில் மருத்துவர்களின் றோயல் கல்லூரியில் இருக்கின்றன. அவள் இதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போக, எனக்கு 1981 நினைவு வந்துவிட்டது. யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்கள். அதை அவளிடம் சொன்னேன். அந்தப் பக்கத்தில், நடந்தது என்ற பத்தியில், இரண்டு நூலகத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவைத்தாள். கதையில் டீ வீட்டுக்கு வந்து வெறும் தட்டுகளைப் பார்க்கும் அத்தியாயம் எந்தப் பாகத்திலாவது வருமா என்று இப்போது காத்திருக்கிறாள்.

இன்னொன்றையும் பெரியவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். இந்தத் தொடர்களில் போர் வரும், முற்றுகை வரும், ஊர் எரியும். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஓர் அத்தியாயத்தில் நின்றுவிட்டால் ஏன் என்று துருவ வேண்டாம். புத்தகம் எங்கும் போகாது. என் பெறாமகள் ஓர் இடத்தில் அப்படி மூன்று நாள் நின்றாள். நாலாம் நாள் தானாகவே எடுத்தாள்.

போன கிழமை கற்சிலைமடுவுக்குப் போனோம். பண்டாரவன்னியன் தோற்ற இடத்தில் ஆங்கிலேயர் காலத்து நினைவுக்கல் நின்ற இடம். அந்தக் கல்லில் ஆங்கிலத்தில் பொறித்திருந்த வாசகம் மிகச் சின்னது. இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. அவ்வளவுதான். அதன் பிறகு பண்டாரவன்னியனுக்கு என்ன நடந்தது என்பதில் சொல்லப்படும் கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அவரோடு நின்றவர்களின் பெயர்களும் கல்லில் இல்லை.

அவள் கொப்பியைக் கொண்டுவந்திருந்தாள். திகதியை முதல் பத்தியில் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, “கல்லில இல்லாததை எந்தப் பத்தியில போடுறது, சித்தி?” என்று கேட்டாள். மூன்றாவதில் போடச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, நடுப்பத்தியில், புனைந்தது என்ற தலைப்பின் கீழ், தண்ணீரில் காது வைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் எழுதினாள். நான் எட்டிப் பார்க்கக் கையால் மறைத்துக்கொண்டாள். இன்னும் சொல்லவில்லை.